பூண்டுப் பரணில் ஒரு ஜீன்ஸ்

ஜீன்ஸைத் துவைக்கவே கூடாது என்று போன வாரம் என்னுடன் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி எனக்கு வகுப்பெடுத்தாள். மெஷினில் போட்டால் சாயம் போய்விடுமாம், துணி தளர்ந்துவிடுமாம். கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், வினிகர் தெளித்துக் காற்றாட விட வேண்டும், அப்படியும் வாடை போகவில்லை என்றால் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். போனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். நானும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இந்த வித்தைகள் அத்தனையையும் ஒன்பது வயதில், ஒரே பகலில், வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் நான் செய்து பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் நம்பவா போகிறாள்? ஃப்ரீசர் மட்டும்தான் கைகூடவில்லை. அதற்குக் காரணம் நானல்ல, கடைக்காரர் வைத்திருந்த ரவை.

அப்போது நாங்கள் கூக்காலில் இருந்தோம். கொடைக்கானலில் பஸ் ஏறினால் வளைந்து வளைந்து வயிற்றைக் கலக்கி, இரண்டு மணி நேரம் கழித்து இறக்கிவிடும். அப்பா பூண்டும் கேரட்டும் போடுவார். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் சூரியன் விருந்தாளி மாதிரிதான், வந்தாலும் நின்று பேசாது. காலையில் மழை, மத்தியானம் மூடுபனி, சாயங்காலம் மறுபடி மழை. துவைத்துப் போட்ட என் பள்ளிக்கூடப் பாவாடை மூன்று நாள் கொடியில் தொங்கி, கடைசியில் அடுப்புக்கு மேலே போய்த்தான் காயும். கனத்த துணி என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த ஐப்பசியில்தான் அத்தை ஜீன்ஸ் வாங்கினாள். அத்தை என்றால் அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. கீழே ஒட்டன்சத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த லீவு ஒரு வருடத்தைத் தாண்டி நீண்டுகொண்டே போனதில் எனக்குப் பெரிய சந்தோஷம். இரவில் அவளோடு ஒரே கம்பளிக்குள் படுத்துக்கொள்வேன். அவளுடைய இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். மாட்டுத் தொழுவத்தில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். மாடே இல்லாத வீட்டுக்கு எப்படித் தொழுவம் வந்தது என்று கேட்கும் வயது எனக்கில்லை.

ஜீன்ஸ் வாங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. அடுப்படியில் கேரட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் முழுவதையும் கேட்டேன். கொடைக்கானலில் மலையேற்றம் கூட்டிப் போகும் ஆபீஸ் ஒன்றில், பெண்கள் குழுவாக வந்தால் கூடப் போக ஒரு பெண் வழிகாட்டி வேண்டுமாம். கொடைக்கானல் ஓட்டலில் வேலை பார்த்த சித்தப்பா விசாரித்துச் சொல்லியிருந்தார். அத்தைக்குச் சோலைக்காடு முழுவதும் தலைகீழ்ப் பாடம், சின்ன வயதில் விறகு பொறுக்கிய காடு. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு குழுவோடு போய்வந்து காட்ட வேண்டும். பிடித்திருந்தால் வேலை.

அப்பாவுக்கு இஷ்டமில்லை. அதற்கடுத்த புதன்கிழமை அத்தையின் புருஷன் வீட்டார் பேசிக் கூட்டிப் போக வருவதாக இருந்தார்கள். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதற்குள் அனுப்பிவிடுவது நல்லது என்பது அவர் நினைப்பு. அத்தை அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாதான் பேசினாள். கடைசியில் அப்பா, “அடுத்த ஞாயித்துக்கெழம போயிட்டு வரட்டும். நானும் கூடப் போய்ப் பாக்குறேன். சரிவந்தா இருக்கட்டும். சரிவரலேன்னா புதங்கெழம மூச்சுக் காட்டாம கெளம்பிரணும், ஆமா” என்றார்.

எனக்குப் புரிந்த கணக்கு எளிமையானது. வேலை கிடைத்தால் அத்தை இங்கே, கிடைக்காவிட்டால் அங்கே. கிடைக்க வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளையார், பழனி முருகன், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மாதா கெபி மூன்று இடத்திலும் வேண்டிக்கொண்டேன். யாரையும் விட்டுவைக்கவில்லை.

சேலை, சுடிதாரில் வரக்கூடாது, பேண்ட் போட்டு அதைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு வர வேண்டும் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். மழைக்காலத்தில் சோலைக்குள் அட்டைப்பூச்சி சும்மா விடாது. எங்கள் வீட்டிலோ அப்பாவுக்குக் கைலி, வேட்டி இரண்டும்தான். ஆகவே அதற்கு முந்தின ஞாயிறு கொடைக்கானல் சந்தையில், பழைய துணிக் குவியலில் ஒரு மணி நேரம் கிளறி, அத்தை ஒரு ஜீன்ஸ் எடுத்து வந்தாள். கருநீலம். முழங்காலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. போட்டுக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்து காட்டினாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை வெட்கப்பட்டாள். ஆனால் கழற்றவும் மனசில்லாமல், அந்தக் கோலத்தோடேயே உட்கார்ந்து இரண்டு படி பூண்டு உரித்தாள்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பெரியவர்கள் எல்லோரும் வெள்ளனே கேரட் பிடுங்கப் போய்விட்டார்கள். வீட்டில் நான், நாய், ஆணியில் தொங்கும் ஜீன்ஸ். இப்படி மூவரைத் தனியே விட்டுப் போனது பெரியவர்கள் தப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

போட்டுப் பார்த்தேன். கால் பகுதியை ஏழெட்டு மடிப்பு மடித்து, இடுப்பில் பூண்டுக்கட்டு கட்டும் கயிற்றால் இறுக்கிக்கொண்டேன். ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு, நாயைச் சுற்றுலாப் பயணியாக்கி, “கம், கம், ஸ்லோ, காட்டெருமை” என்று மலையேற்றம் கூட்டிப் போனேன். வீட்டுக்குப் பின்னால் முந்தின நாள் லாரியில் வந்து இறங்கிய கோழி எரு மலையாகக் குவிந்து கிடந்தது. தார்ப்பாய் பாதி விலகி, மழையில் ஊறியிருந்தது. மலை என்று ஒன்று இருந்தால் ஏறத்தானே வேண்டும்? உச்சிக்குப் போனபோது மடிப்பு ஒன்று அவிழ்ந்தது. நான் அதை மிதித்தேன். பிறகு உட்கார்ந்தபடியே அடிவாரம் வரை வந்து சேர்ந்தேன்.

கோழி எருவை அறியாதவர்களுக்கு அதன் நாற்றத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயணி மூக்கைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டது. நான் ஜீன்ஸைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்பக்கம் முழுவதும் பச்சையும் பழுப்புமாகப் பூசியிருந்தது. நாளைக் காலை ஆறு மணி பஸ். அத்தையை நானே என் கையால் ஒட்டன்சத்திரத்துக்கு அனுப்பிவைத்துவிட்டேன் என்று தோன்றியது.

அம்மாவின் பட்டன் போன் வீட்டில்தான் கிடக்கும், வயலில் சிக்னல் கிடையாது. எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன். அதன் படியில் நின்றால் இரண்டு கோடு வரும். சித்தப்பாவைக் கூப்பிட்டேன். ஓட்டலில் தங்குபவர்களின் துணியை வாங்கிச் சலவைக்குக் கொடுத்து வாங்குவது அவர் வேலை. துணி விஷயத்தில் எங்கள் வீட்டுக்கு அவர்தான் டாக்டர். விஷயத்தைச் சொன்னதும் ஒரு நிமிஷம் சிரித்தார். பிறகு டாக்டர் ஆனார்.

“மொதல்ல ஒண்ணு சொல்றேன் பாப்பா. தண்ணியில முக்கிராத. முக்கினேன்னா பொங்கலுக்குத்தான் காயும். இங்க ஒரு வெள்ளக்காரர் வந்தாரு, ஆறு மாசமா துவைக்கலேன்னு பெருமையாச் சொன்னாரு. அவங்கெல்லாம் துவைக்க மாட்டாங்க.”

“அப்ப நாறாதா சித்தப்பா?”

“அதுக்கு வழி இருக்குல்ல. மொதல்ல காய விட்டு, பிரஷ்ஷு போட்டு உதிரு. அப்புறம் ஈரத்துணியால ஒத்தி எடு, தேய்க்காத. வாடைக்கு வினிகரைத் தெளி. அதுக்கும் போகலேன்னா ஐஸு பெட்டியில வையி. வெரசாச் செய்யி, பெரியவங்க வந்துறப் போறாங்க.”

வினிகர் என்றால் என்ன என்று கேட்டேன். புளித்த தண்ணீர் என்றார். அதோடு கோடு இரண்டும் போய்விட்டது.

காய விடு என்று சித்தப்பா சுலபமாகச் சொல்லிவிட்டார். வெளியே மூடுபனி முகத்தில் வந்து மோதியது. அடுப்பில் தணலைக் கிளறி, பக்கத்தில் ஜீன்ஸை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்தேன். சூடு ஏற ஏற நாற்றமும் ஏறியது. முக்கால் மணி நேரத்தில் மேல்பூச்சு வெடித்துப் பொருக்காயிற்று. வாசலுக்கு எடுத்துப்போய்த் துணி பிரஷ்ஷால் தேய்த்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த ஐந்து நிமிஷம் எனக்கு உலகத்தின் மீது பிரியமே வந்துவிட்டது. பழைய துண்டை நனைத்துப் பிழிந்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். கண்ணுக்குக் கறை தெரியவில்லை. மூக்குக்குத்தான் எல்லாம் தெரிந்தது.

புளித்த தண்ணீருக்கு என்ன செய்வது? எலுமிச்சை எங்கள் குளிரில் விளையாது, வாங்கிவைத்ததும் தீர்ந்திருந்தது. சட்டியில் இரண்டு நாள் மோர் இருந்தது. புளிப்பில் குறை சொல்ல முடியாது. கையில் அள்ளித் தெளித்தேன். அதுவரை ஒதுங்கியிருந்த நாய் இப்போது ஆர்வமாக வந்து பின்பக்கம் முழுவதையும் நக்கித் துடைத்தது. உண்மையைச் சொன்னால் அன்று நடந்த வேலைகளில் ஒழுங்காக நடந்தது அதுதான். ஆனால் கோழி எரு, மோர், நாய் மூன்றும் சேர்ந்து ஒரு புதிய வாடையாகிவிட்டது.

மிச்சமிருந்தது ஐஸ் பெட்டி. ஊரில் ஒரே ஒரு பெட்டிதான், கடைக்கார மாமாவிடம். ஜீன்ஸை உரப்பையில் சுருட்டிக்கொண்டு போனேன்.

“பைக்குள்ள என்ன பிள்ள?”

“பேண்ட்டு மாமா. ஐஸு பெட்டியில வைக்கணும்.”

“ஏன், அதுக்குக் காய்ச்சலா?”

பெட்டியைத் திறந்து காட்டினார். கூக்காலில் மழைக்காலத்தில் ஐஸ் தின்ன யார் வருவார்கள்? கரண்டைப் பிடுங்கிவிட்டு, எலிக்குப் பயந்து உள்ளே ரவையும் மைதாவுமாக அடுக்கிவைத்திருந்தார். “ரவைக்குப் பக்கத்துல இந்த நாத்தத்தை வச்சேன்னா நாளைக்கி ஊரே உப்புமாவைக் கொட்டிரும். இன்னும் ரெண்டு மாசம் பொறு. மார்கழிப் பனியில வெளிய போட்டேன்னா உன் பேண்ட்டு தானா வெறச்சு நிக்கும்” என்றார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மணி மூன்றாகிவிட்டது. ஐந்துக்குள் வந்துவிடுவார்கள். அடுப்படியில் மல்லாந்து படுத்து முருகனைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் மேலே பரணைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் பூண்டை வெயிலில் காயவைத்தால் வேலைக்காகாது. தண்டோடு கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் வரிசையாகக் கழிகளில் தொங்கவிடுவோம். கீழே சமைக்கச் சமைக்க, மேலே புகை ஏறி ஏறி, பூண்டு பழுப்பேறி, அடுத்த விதைப்புக்குக் கெடாமல் கிடக்கும். புகை பட்ட பொருளில் பூச்சியும் அண்டாது, நாற்றமும் நிற்காது என்று அப்பா வியாபாரிகளிடம் அடித்துச் சொல்வார். என் பாவாடை, கம்பளி, சாக்ஸ் எல்லாம் காய்வதும் அந்தப் பரணுக்குக் கீழேதான். ஜீன்ஸ் மட்டும் என்ன பாவம் செய்தது? ஏணி வைத்து ஏறி, இரண்டு பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே கழியில் அதைக் குதிரை ஏற்றினேன். ஈரவிறகாகப் பார்த்து அடுப்பில் திணித்து, அதன் மேல் தைலமர இலை ஒரு கூடை போட்டேன்.

அம்மா வாசலிலிருந்தே ஓடிவந்தாள். “ஏ பிள்ள, வீடு தீப்பிடிச்சுக் கெடக்கா?”

“பூண்டுக்குப் புகை போட்டேன்மா.”

அதுவரை சொன்னால்கூட ஒரு சுள்ளியை எடுத்துப் போடாத பெண் நான். அப்பாவுக்கு முகமெல்லாம் பெருமை. “பிள்ளைக்குப் பொறுப்பு வந்துருச்சு பாத்தியா” என்று அம்மாவிடம் சொன்னார். கைகால் கழுவிவிட்டு வந்த அத்தை ஆணியைப் பார்த்தாள். எங்கே என்று கேட்பதற்குள், “மிஸ்ட்டுல நமத்துப் போச்சு அத்தை, மேல போட்டிருக்கேன்” என்றேன். அத்தை என்னைக் கட்டிப்பிடித்து உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். “என் தங்கம், எனக்குத் தோணலையே” என்றாள். அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

காலையில் ஜீன்ஸ் இறங்கியது. நன்றாகக் காய்ந்து, கணகணவென்று சூடாக இருந்தது. நான் மூக்கை வைத்து முகர்ந்தேன். கோழி போன இடம் தெரியவில்லை. அத்தையும் முகர்ந்தாள், அம்மாவும் கையில் வாங்கிப் பார்த்தாள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். நானும் வருவேன் என்று நான் போட்ட சத்தத்தில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர்கள், எங்கள் ஊர் மூட்டைகள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூம்பாறையில் ஏறிய ஒரு வெளியூர் வாத்தியார் மட்டும் அத்தைக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கர்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். அப்போதுதான் எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. பூண்டுக்குள்ளேயே பிறந்து பூண்டுக்குள்ளேயே தூங்கும் எங்களுக்குப் பூண்டு வாடை தெரியாது. அந்த வீட்டில் யார் முகர்ந்து என்ன பயன்? வீட்டுப் பூண்டையெல்லாம் ஒரே ஜீன்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம்!

ஏரிக்கு அப்பால் ஒரு சந்தில் ஆபீஸ். வாசலில் சென்னையிலிருந்து வந்த ஆறு பெண்கள் ஷூ கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை போய் நின்றதும் ஒருத்தி நிமிர்ந்து, “இங்க பக்கத்துல பேக்கரி இருக்கா? செம கார்லிக் ப்ரெட் ஸ்மெல்” என்றாள். இன்னொருத்தி அத்தையைப் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பிச் சிரிப்பை அடக்கினாள். ஆபீஸ்காரர் ஜாக்கெட் போட்ட ஒல்லி மனிதர். அவரும் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார். அத்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது. காதுமடல் சிவந்து போயிற்று. குனிந்து ஜீன்ஸைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டாள். நிமிர்ந்தபோது, “போகலாங்க. வழியில வழுக்கும், பாத்து வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

எதிரே டீக்கடையில் நானும் அப்பாவும் உட்கார்ந்தோம். அவர்கள் திரும்ப மத்தியானம் ஆகும். அப்பா பன் வாங்கிக் கொடுத்தார். ஒரு கடி கடித்ததும் எனக்கு அழுகை வெடித்துவிட்டது. எருக்குவியல், சித்தப்பா, மோர், நாய், ரவை, பரண் என்று எல்லாவற்றையும் பன்னோடு சேர்த்து ஒப்பித்தேன். வேலை கிடைக்காது, எல்லாம் என்னால்தான் என்று சொன்னேன். அப்பா முழுவதையும் கேட்டார். டீயை ஒரு வாய் குடித்தார்.

“எருக்குவியல் உச்சிக்குப் போயா விழுந்த?”

“ஆமாப்பா.”

கொஞ்ச நேரம் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, “சரி, அத்தை ஊருக்குப் போனா உனக்கென்ன பிள்ள? அது அவ வீடுதான்” என்றார்.

“அத்தைதான் எனக்கு வலிக்காமச் சடை போடும். அங்க போனா அதுக்கு மறுபடியும் கை வலிக்கும்ல. ராத்திரி தூக்கத்துல வேணாம் வேணாம்னு கையை மறைச்சிக்கிட்டு அழுவும். நான்தான் தட்டிக்குடுப்பேன்.”

ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அப்பா கிளாஸைக் கீழே வைத்தார். டீ ஆறி ஏடு படிந்தது. கடைக்காரர் வந்து கேட்டபோதுதான் கிளாஸை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு மணிக்குக் குழு திரும்பியது. சென்னைப் பெண்கள் நொண்டிக்கொண்டும் கத்திக்கொண்டும் வந்தார்கள். வாசலிலேயே உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினால், ஆளுக்கு நாலைந்து அட்டை. ஆபீஸ்காரர் உப்பு டப்பாவோடு ஓடினார். அத்தை ஒவ்வொருத்தி காலாகப் பார்த்து, பதறாமல், அட்டைகளை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் மேல் ஒன்றுகூட இல்லை.

“இவங்க சூப்பர் சார்” என்றாள், காலையில் சிரிப்பை அடக்கிய பெண். “காட்டெருமை நின்னுச்சு, எங்களைச் சத்தமில்லாம வேற வழியில கூட்டிட்டுப் போனாங்க. ஒரே கஷ்டம், இவங்க பின்னாடி நடந்தா பசிக்குது.”

ஆபீஸ்காரர் அத்தையின் கால்களையே பார்த்தார். “உங்க மேல மட்டும் ஒண்ணும் ஏறலையே. என்னங்க போட்டிருக்கீங்க?”

அத்தை தெருவுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தாள். “பூண்டுப் புகைங்க. மழைக்காலத்துல எங்க ஊர்ல அப்படித்தான் செய்வோம்” என்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அட்டைக்குப் பூண்டு ஆகாதா, சாக்ஸை இறுக்கிக் கட்டியதாலா, முருகன் மனமிரங்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆபீஸ்காரர் முழுவதும் நம்பினார். வருகிற சனிக்கிழமையிலிருந்து வரச் சொன்னார். கையோடு, மற்ற வழிகாட்டிகளின் பேண்ட்டையும் அனுப்பிவைத்தால் புகை போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அந்த மழைக்காலம் முடியும்வரை எங்கள் பரணில் பூண்டோடு பூண்டாக நாலைந்து ஜீன்ஸ்கள் தொங்கின.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அத்தை என் காதைப் பிடித்தாள். “ஏற்றத்துல வேர்க்க வேர்க்க, பூண்டுக்கு அடியில இன்னொரு வாசனை வந்துச்சுடி. நான் மூணு மணி நேரம் யோசிச்சேன். கோழி எருதானே?” நான் தலையாட்டினேன். காதை விட்டுவிட்டுச் சிரித்தாள். நடுத்தெருவில் நின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பாதான் ஒன்றிலும் கலந்துகொள்ளாமல் நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமையாதலால் சந்தை கூடியிருந்தது. அப்பா பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பாமல் சந்தைக்குள் நுழைந்தார். காய்கறியைத் தாண்டி, கருவாட்டைத் தாண்டி, பழைய துணிக் குவியல் முன்னால் போய் நின்றார். குனிந்து ஒரு ஜீன்ஸை உருவினார். சாக்குப்பை வாங்கும்போது செய்வதுபோலத் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அதைப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

“இந்தா தாயி, உனக்குச் சரியா இருக்குமான்னு பாரு. நம்ம ஊர் மழையில ஒண்ணே ஒண்ணை வச்சுக்கிட்டு எப்பிடிச் சமாளிப்ப? வாராவாரம் போகணும்ல.”

அத்தை வாங்கவில்லை. “அண்ணே, புதங்கெழம அவங்க...”

“அவங்களுக்கு நான் போன் போட்டுச் சொல்லிக்கிறேன், வர வேணாம்னு. நீ அளவைப் பாரு.”

அத்தை ஜீன்ஸை வாங்கி இடுப்பில் வைத்துப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் அதை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். முதுகு குலுங்கியது. மறுபடியும் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் அழுகிறாள். எத்தனை பேர் போட்ட துணியோ, நாற்றம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவள் கையைப் பிடித்து இழுத்து, “நாறுதா அத்தை? அழுவாத, நான் புகை போட்டுத் தர்றேன்” என்றேன். அதற்கு அவள் இன்னும் சத்தமாக அழுதாள்.

அப்பாவைப் பார்த்தேன். அவர் அவள் பக்கம் திரும்பாமல், விலைகூடக் கேட்காமல், கருவாட்டுக் கடையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பழைய பேண்ட் வாங்குவதற்கு இரண்டு பெரியவர்கள் சந்தை நடுவில் ஏன் இப்படி நிற்க வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை. இவ்வளவு பாடுபட்ட எனக்கு ஒன்றும் வாங்கித் தரத் தோன்றவில்லையே என்று அவர்கள் இருவர் மேலும் கோபமாக வந்தது.